பால்சா விமானம்: மேசை மட்டமாக இருந்தால்தான் இறக்கை நேராக வரும்

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சிக் நிறுவனத்தின் கேடட் எல்.டி-40 கிட், அதாவது பால்சா மரப் பாகங்களை ஒட்டி நாமே கட்ட வேண்டிய ரேடியோ கன்ட்ரோல் பயிற்சி விமானம், கைக்கு வந்துவிட்டது. பெட்டிக்குள் ஒரு பெரிய பிளான் தாள் (விமானத்தின் முழு அளவு வரைபடம்), கட்டுக்கட்டாகக் குச்சிகள், வெட்டிய பலகைகள். இதுவரை ஃபோம் விமானம் மட்டுமே பறக்கவிட்டிருக்கிறார். எதிலிருந்து தொடங்குவது, ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதுமா, எஞ்சினா மோட்டாரா, விரலால் அழுத்தினாலே குழி விழும் இந்த மரம் காற்றில் தாங்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பால்சாவின் குணம் பிடிபட்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும். உலகத்துக்கு வேண்டிய பால்சாவில் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. ஆறு முதல் பத்து ஆண்டுகளுக்குள் வெட்டும் அளவுக்கு வளர்ந்துவிடும் மரம் அது. வேகமாக வளர்வதால் அதன் செல்கள் பெரியவை, சுவர்கள் மெல்லியவை. பச்சை மரத்தில் உள்ளே முழுக்கத் தண்ணீர் இருக்கும். உலர்த்தியபின் அந்த இடமெல்லாம் காற்று. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ என்றால், மாடலுக்கு வரும் பால்சா 100 முதல் 200 கிலோதான். ஆனால் எடையோடு சேர்த்துப் பார்த்தால் அதன் விறைப்பு அபாரமானது. இரண்டாம் உலகப் போரில் பறந்த மாஸ்கிட்டோ விமானத்தின் உடலே, பிர்ச் பிளைவுட் இரண்டுக்கும் நடுவில் பால்சாவை வைத்து ஒட்டிய சுவர்தான். மாடல் உலகத்திலிருந்து சொல்வதானால் 2003 ஆகஸ்டில் நடந்தது ஒன்று போதும். மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர், பார்வை பெருமளவு போய்விட்ட எழுபத்தேழு வயதில், தன் குழுவோடு சேர்ந்து ஐந்து கிலோவுக்கும் குறைவான ஒரு பால்சா விமானத்தைக் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து ஏவினார். 38 மணி 52 நிமிடம் பறந்து, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் அட்லாண்டிக்கைக் கடந்து, அது அயர்லாந்தில் இறங்கியது. ஆகவே மரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது மர இழை ஓடும் திசையைப் பற்றி. பால்சா இழை நெடுக வலுவானது. குறுக்கே லேசாக மடக்கினாலே ஒடியும். பிளானில் ஒவ்வொரு பாகத்திலும் இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

இப்போது தொடக்கம். முதல் இரண்டு மூன்று நாள் பசை டப்பாவைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படியுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துப் பிளான் மேல் வைத்துப் பாருங்கள். வெட்டிய பாகங்களைப் பலகையிலிருந்து பிரித்தெடுக்கும் முன் எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். பிறகு ஒரு சமையலறைத் தராசு அல்லது நகைத் தராசு எடுத்து, ஒரே அளவுள்ள குச்சிகளையும் பலகைகளையும் எடை போடுங்கள். ஒரே கிட்டுக்குள்ளேயே ஒரு குச்சி இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு எடை இருப்பது சாதாரணம். கனமானதை விமானத்தின் முன்பாதிக்கும், இலேசானதை வாலுக்கும் ஒதுக்குங்கள். ஸ்பாராக, அதாவது இறக்கையின் நெடுக ஓடி அதைத் தாங்கும் சட்டமாகப் போகும் நீளக் குச்சிகளை ஒரு முனையில் பிடித்து மற்ற முனையில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எது எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, ஒரே மாதிரி வளைபவற்றை இடது வலதாக ஜோடி சேருங்கள். ஒரு மாலை வேலைதான்.

அப்புறம் மேசை. நான் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. பால்சா விமானத்தைப் பிளான் மேலேயே வைத்துக் கட்டுகிறோம். மேசை எப்படியோ இறக்கையும் அப்படியே. என் முதல் விமானத்தை வீட்டில் இருந்த பழைய சாப்பாட்டு மேசையில் கட்டினேன். பார்வைக்கு மட்டமாகத்தான் இருந்தது. கட்டி முடித்தபின் பார்த்தால் இடது இறக்கையின் முனையில் பின்விளிம்பு நான்கு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. நான்கு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன். மேலே போனதும் விமானம் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் இடது இறக்கை அதிகம் தூக்கியது. டிரிம், அதாவது ரேடியோவிலேயே செய்யும் சிறு திருத்தம் கொடுத்து நேராக்கினேன். ஆனால் இறங்க வரும்போது வேகம் குறைந்ததும் அதே இடது முனை, காற்றை அதிகக் கோணத்தில் சந்தித்துக்கொண்டிருந்ததால், முதலில் தூக்குவிசையை இழந்தது. விமானம் சட்டென்று இடப்பக்கம் புரண்டு தரையில் மூக்கைக் குத்தியது. டிரிம் ஒரு வேகத்துக்குத்தான் சரி செய்யும். இறக்கைக்குள் உள்ள திருகலை ரேடியோவால் எடுக்க முடியாது.

எனவே ஒரு நல்ல ஃப்ளஷ் கதவு வாங்குங்கள், அல்லது கனமான பிளைவுட் பலகை. நீளமான அலுமினியப் பட்டியைக் குறுக்கும் நெடுக்கும், மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மேலே குண்டூசி இறங்கும்படி நோட்டீஸ் போர்டுக்குப் போடும் சாஃப்ட் போர்டை ஒட்டுங்கள். அதன் மேல் பிளான், பிளான் மேல் மெல்லிய பாலித்தீன் தாள். பாலித்தீன் இல்லாவிட்டால் இறக்கையும் பிளானும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேசைக் கால்களுக்கு அடியில் அட்டை சொருகிச் சரிசெய்யுங்கள். வேலை முடியும் வரை அந்த மேசையை யாரும் நகர்த்தக் கூடாது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 11ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடும், அதற்குப் பொருந்தும் 3ஆம் எண் கைப்பிடியும் அருமையாக வேலை செய்யும். மழுங்கிய பிளேடு பால்சாவை வெட்டாது, நசுக்கும். அழுத்தம் கூட்ட வேண்டியிருக்கிறது என்று தோன்றியதும் மாற்றிவிடுங்கள். உப்புத்தாளைக் கையால் பிடித்துத் தேய்க்காமல் நேரான ஒரு மரக்கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். 120, 220, 400 மூன்றும் போதும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். பால்சாத் தூள் மிக நுண்ணியது, நேராக மூச்சில் போகும்.

ஃபெவிகால் போதுமா என்றால், பெரும்பாலான இடங்களுக்குப் போதும். வெள்ளைப் பசை காய நேரம் எடுக்கும், அதுவே முதல் விமானம் கட்டுபவருக்கு நல்லது. தவறாக வைத்ததை நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் காய்ந்தபின் அது ரப்பர் போல இருக்கும், உப்புத்தாளுக்கு இழைந்து கொடுக்காது. பக்கத்து மரம் தேய்ந்துபோய்ப் பசை மட்டும் மேடாக நிற்கும். அதனால் வெளியே தேய்த்து வடிவம் கொடுக்க வேண்டிய முன்விளிம்பு போன்ற இடங்களுக்குத் தச்சுவேலைக்கு வரும் மஞ்சள் பசை நல்லது. சி.ஏ. பசை, அதாவது ஃபெவிக்விக் வகை, ஏற்கெனவே இறுக்கமாகப் பொருந்திய மூட்டில் ஒரு சொட்டு விட்டால் இழைக்குள் ஊறிப் பிடித்துவிடும். அதன் புகை கண்ணை எரிக்கும், சன்னலைத் திறந்து வையுங்கள். இன்னொன்று: அது பருத்தித் துணியில் பட்டால் சூடேறிப் புகையும், தோலைச் சுட்டுவிடும். பனியன் வேட்டியோடு உட்கார்ந்து வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. மோட்டாரைத் தாங்கும் ஃபயர்வால், சக்கரக் கம்பி மாட்டும் கட்டை, இரண்டு இறக்கைகளும் சேரும் நடுமூட்டு, இந்த மூன்றுக்கும் எபாக்சி. அதிலும் ஐந்து நிமிட எபாக்சியைவிட முப்பது நிமிடத்தது மேல். மரத்துக்குள் ஊற அதற்கு நேரம் கிடைக்கும். பசை எதுவானாலும் மூட்டு நன்றாகப் பொருந்த வேண்டும். இடைவெளியைப் பசையால் நிரப்பினால் எடைதான் கூடும்.

முதலில் வாலைக் கட்டுங்கள். தட்டையான சட்டம் அது. கெட்டுப்போனாலும் சில குச்சிகள்தான் நட்டம், கை பழகிவிடும். வாலில் கஞ்சத்தனமாகப் பசை விடுங்கள். இறக்கைக்கு அடியில் உள்ள சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 90 சென்டிமீட்டர் பின்னாலும், மூக்கு 30 சென்டிமீட்டர் முன்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாலில் கூடும் 10 கிராமை ஈடுகட்ட மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். ஆக மொத்தம் 40 கிராம், எந்தப் பயனும் இல்லாமல் சுமக்க வேண்டியது.

அடுத்து இறக்கை. கீழ் ஸ்பாரைப் பிளான் மேல் வைத்துக் குண்டூசி போடுங்கள். ஊசியைக் குச்சியின் நடுவே குத்தினால் அங்கே பலவீனம் வரும். இரண்டு பக்கத்திலும் சாய்வாகக் குத்தி, கத்தரிக்கோல் மாதிரி பிடிக்க வையுங்கள். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவில் உள்ள ரிப்களை ஒவ்வொன்றாக மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். நடு ரிப் மட்டும் விதிவிலக்கு: இரண்டு இறக்கைகளும் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து சேர வேண்டும் என்பதால் அது கொஞ்சம் சாய்ந்து நிற்கும். அதற்கான அளவுக்கட்டை பெரும்பாலும் கிட்டிலேயே இருக்கும். மேல் ஸ்பார், முன்விளிம்பு, பின்விளிம்பு எல்லாம் வைத்தபின் வருவது ஷியர் வெப். மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே, ரிப்புக்கும் ரிப்புக்கும் இடையில் ஒட்டும் மெல்லிய பால்சாத் துண்டுகள் அவை. அவற்றில் இழை செங்குத்தாக ஓட வேண்டும். விமானம் குட்டிக்கரணம் போடும்போது இறக்கை மேலே வளைகிறது. மேல் ஸ்பார் நசுங்கப் பார்க்கிறது, கீழ் ஸ்பார் இழுபடுகிறது. இரண்டையும் தூரம் மாறாமல் பிடித்து வைப்பது இந்தத் துண்டுகள்தான். இழையைக் கிடைமட்டமாக வைத்து ஒட்டினால் அவை தீக்குச்சி போல நீளவாக்கில் பிளந்துவிடும். ஒரு துண்டுக்குக் கிராம் கணக்குக்கூட வராது, ஆனால் இறக்கையின் வலுவில் பெரும்பங்கு இவற்றில் இருக்கிறது. துண்டுகளை இறக்கை பலகையில் குத்தியிருக்கும்போதே ஒட்டுங்கள். ஷியர் வெப் ஒட்டிய இறக்கை பெட்டி போல இறுகிவிடும். எந்த வடிவில் இறுகியதோ அந்த வடிவில்தான் இனி இருக்கும். பலகையிலிருந்து எடுத்துவிட்டு, மடியில் வைத்து ஒட்டினால் திருகலையும் சேர்த்து ஒட்டியதாகிவிடும்.

பசை தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் ஒரு இரவு முழுக்கப் பலகையிலேயே விடுங்கள். மழைக்காலமானால் இரண்டு இரவு. பால்சா காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், பிறகு சுருங்கும். ஐப்பசி கார்த்திகையில் சென்னை போன்ற ஊரில் சுவரில் சாய்த்து வைத்த பலகை ஒரு வாரத்தில் வில்லாகிவிடும். மீதி மரத்தைத் தட்டையாகப் படுக்கவைத்து மேலே புத்தகங்களை அடுக்குங்கள்.

உடலைக் கட்டும்போது பக்கப் பலகைகள் இரண்டையும் அருகருகே வைத்து, உட்பக்கம் இரண்டும் மேலே பார்க்கும்படி, கண்ணாடிப் பிம்பம் போல அடுக்கி, இடது, வலது என்று பெரிதாக எழுதுங்கள். உள்பலகைகளை ஒட்டி முடித்தபின் இரண்டும் இடது பக்கமாக இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் நடுக்கோடு வரையுங்கள். உடல் நேராக இருக்கிறதா என்று பார்க்க, மூக்கின் நடுவிலிருந்து வாலின் நடுவரை ஒரு நூலை இழுத்துக் கட்டினால் எல்லா நடுக்கோடும் நூலுக்கு அடியில் வர வேண்டும். ஃபயர்வால் சற்றுக் கீழேயும் வலப்பக்கமும் பார்க்கும்படி இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருக்கலாம். அது பிழை இல்லை. புரொப்பல்லரின் சுழற்சி விமானத்தை இடப்பக்கம் இழுப்பதற்கு ஈடு வலச்சாய்வு; மோட்டார் வேகம் கூடும்போது மூக்கு மேலே எழுவதற்கு ஈடு கீழ்ச்சாய்வு. ‘சரிசெய்து’ நேராக்கிவிடாதீர்கள்.

வாலை ஒட்டும் முன் இறக்கையை உடலில் மாட்டுங்கள். உடலின் பின்முனையில் நடுவே ஒரு குண்டூசி குத்தி, அதில் நூலைக் கட்டி, இடது இறக்கை முனை வரை அளந்து, அதே நூலை வலது முனைக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் சமமாகும் வரை இறக்கையை நகர்த்துங்கள். பிறகு பத்தடி பின்னால் தள்ளி நின்று, வாலும் இறக்கையும் சாயாமல் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.

கட்டிய சட்டத்தின் மேல் போர்த்தும் கவரிங் பிலிமைச் சூடான இஸ்திரியால் ஒட்டுகிறோம். ஓராகவர் போன்ற பிலிம் ஏறத்தாழ 100 டிகிரியில் ஒட்டும், 150 டிகிரியை நெருங்கும்போது நன்றாகச் சுருங்கும். முதலில் ஓரங்களை மட்டும் குறைந்த சூட்டில் ஒட்டிவிட்டு, பிறகு நடுவைச் சுருக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்கச் சுருக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிலிமின் இழுப்பே இறக்கையைத் திருகிவிடும். மேலும் கீழும் மாறி மாறிச் செய்ய வேண்டும். இதற்குள்ளேயே ஒரு நல்ல செய்தியும் உண்டு. சிறிய திருகல் இருந்தால், ஒருவர் இறக்கையை எதிர்த்திசையில் லேசாகத் திருகிப் பிடிக்க, இன்னொருவர் பிலிமை மறுபடி சூடாக்கி ஆறவிட்டால் அது எடுபட்டுவிடும். நிறம் உங்கள் விருப்பம். ஆனால் இறக்கையின் மேல்புறமும் கீழ்ப்புறமும் தூரத்திலிருந்து பார்த்தாலே வேறுபட்டுத் தெரிய வேண்டும். அடர்நிறம் நம் வெயிலில் அதிகம் சூடேறிப் பிலிம் தொய்யும்.

எஞ்சினா மோட்டாரா என்றால், மோட்டார் என்பேன். இந்த விமானம் 6.5 சிசி குளோ எஞ்சினுக்காக வரையப்பட்டது. அந்தச் சத்தமும் எண்ணெய் வாசனையும் எனக்கும் பிடிக்கும், ஆனால் மெத்தனால் எரிபொருள் தேட வேண்டும், ஒவ்வொரு முறையும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். இறக்கைப் பரப்பு 900 சதுர அங்குலம், பறக்கும் எடை இரண்டரை கிலோவைச் சுற்றி. இதுபோன்ற டிரெய்னருக்கு (பயிற்சி விமானத்துக்கு) கிலோவுக்கு 150 முதல் 200 வாட் போதும். நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 35 ஆம்பியர் கொடுத்தால் 500 வாட்டைத் தாண்டிவிடும். பேட்டரியை இறக்கையைக் கழற்றாமல் மாற்ற ஒரு சிறு கதவு அமைத்துக்கொள்ளுங்கள். காற்று உள்ளே நுழையும் துளையைவிட வெளியேறும் துளை பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்பீடு கன்ட்ரோலர் வெந்துபோகும். சர்வோ, அதாவது வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் பாகங்களை இயக்கும் சிறு மோட்டார், அதன் வேலைகள் முடியும் வரை புரொப்பல்லரை மாட்டவே மாட்டாதீர்கள்.

பறக்கும் முன் சமநிலை. பேட்டரி உட்பட எல்லாம் உள்ளே இருக்க, பிளானில் குறித்த இடத்தில் இறக்கையின் அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்குங்கள். மூக்கு மிக இலேசாகக் கீழே சாய வேண்டும். வால் தொங்கினால் பறக்கவிடக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். முதலில் பேட்டரியை முன்னே தள்ளிப் பாருங்கள், பிறகுதான் ஈயம். கன்ட்ரோல் திசையையும் பாருங்கள்: டிரான்ஸ்மிட்டரில் உள்ள குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழ வேண்டும். உங்களை நோக்கிப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் (கிடைமட்ட வாலில் அசையும் பலகை) மேலே. ஒவ்வொரு கீலையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ரேடியோ சிக்னல் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறீர்களா என்று, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

இடம் தேடும்போது ஆளில்லா விமானங்கள் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். விமான நிலையங்களையும் விமானப்படைத் தளங்களையும் சுற்றி மஞ்சள், சிவப்பு மண்டலங்கள் இருக்கும். அனுமதியின்றி அங்கே பறக்கவிட முடியாது. நேரம் விடியற்காலை, வெயில் ஏறித் தரைச்சூடு காற்றைக் கிளப்பும் முன்பு. முதல் பறத்தலை மட்டும் அனுபவமுள்ள ஒருவர் கையில் கொடுங்கள். அவர் டிரிம் செய்து மூன்று சுற்று சுற்றியபின் நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். ஃபோம் விமானம் பழகிய கைக்கு இது பெரியதாகவும் மெதுவாகவும் தோன்றும். இறங்கும்போது தரைக்கு மேலே மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை நீளமாகவே இருக்கட்டும்.

இப்போதைக்கு வால் வேலையைத் தொடங்குங்கள். இறக்கை முடிந்ததும், பிலிம் ஒட்டும் முன், மேசையில் வைத்துப் பின்னாலிருந்து இரண்டு முனைகளும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தக் கட்டத்தில் திருகல் தெரிந்தால் ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம்.